ரிங் ஃபைலுக்கு நாமே அச்சிடும் டைரித் தாள்: எந்தப் பக்கம் எவ்வளவு ஓரம்

கடைகளில் விற்கும் டைரிகள் ஜனவரியில் தொடங்குகின்றன. சுங்குடிச் சேலை வாங்கி விற்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கணக்காண்டு ஏப்ரலில்தான் பிறக்கிறது. அது பிறந்த கையோடு சித்திரைத் திருவிழா வேலையும் வந்து சேர்ந்துகொள்கிறது. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. வரிக் கணக்கு தாக்கல் செய்கிறவர்களுக்கு 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்று கெடு நாள்கள் வேறு உண்டு. இவற்றோடு சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பிய நாளையும் திரும்ப வர வேண்டிய நாளையும் ஒரே பார்வையில் காட்டுகிற தாள் எந்த டைரியிலும் இல்லாததால், ஏ5 அளவு ரிங் ஃபைல் ஒன்றை வாங்கி, அதற்கான தாள்களை நானே வடிவமைத்து, மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஜெராக்ஸ் கடைகளில் அச்சிட்டு வருகிறேன்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கணினியைத் திறந்து கட்டங்கள் வரைவதிலிருந்து தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் தொடங்க வேண்டிய இடம் ஸ்கேலும் பஞ்சிங் மெஷினும்தான். தாளில் எழுதக் கிடைக்கும் இடத்தை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. துளை எங்கே விழுகிறது, வளையம் தாளை எங்கே பிடித்திழுக்கிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன. ஆகவே, வேண்டாத தாள் ஒன்றில் துளையிட்டு, ஃபைலில் மாட்டி, விரித்து வைத்து அளந்து பார்த்த பிறகே ஓர அளவை எழுதிக்கொள்ள வேண்டும்.

அலுவலகங்களில் பயன்படும் இரட்டைத் துளை பஞ்ச் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 838 என்ற தர அளவைப் பின்பற்றுகிறது. இரு துளைகளின் மையங்களுக்கு இடையே 80 மி.மீ., தாளின் விளிம்பிலிருந்து துளையின் மையத்துக்கு 12 மி.மீ., துளையின் விட்டம் 6 மி.மீ. என்பது அதன் கணக்கு. ஏ5 தாளின் உயரம் 210 மி.மீ. என்பதால் துளைகள் மேலிருந்து 65, 145 மி.மீ. தொலைவுகளில் விழும். ஆறு வளைய ஏ5 ஃபைல்களில் மும்மூன்று துளைகளாக இரண்டு தொகுதிகள் இருக்கும். தொகுதிக்குள் 19 மி.மீ. இடைவெளி, இரு தொகுதிகளுக்கும் நடுவில் 70 மி.மீ. அவை தாளை அழகாகப் பிடித்துக்கொள்ளும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கென்று தனிப் பஞ்ச் வாங்க வேண்டும். அது வீட்டில் இருக்கும்போது நாம் கடையில் இருப்போம். இரட்டைத் துளை பஞ்ச் இல்லாத அலுவலகமோ ஜெராக்ஸ் கடையோ இந்த ஊரில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நான் இரு வளைய ஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். துளையின் மையம் 12 மி.மீ., அதன் பாதி அகலம் 3 மி.மீ., ஆக 15 மி.மீ. வரை துளைக்கே போய்விடுகிறது. அதற்கப்பால் தாள் வளையத்தின் மேல் ஏறி வளைகிற பகுதியில் எழுதினால் பேனா வழுக்கும். எழுத்தும் உள்ளே ஒளிந்துகொள்ளும். அதற்கு 5 மி.மீ. ஒதுக்கினால் உள் ஓரம் 20 மி.மீ. ஆகிறது. வெளி ஓரத்துக்கு 8 மி.மீ. போதும். தாளின் அகலம் 148. மீதி 120 மி.மீ. நமக்கு. பார்க்கக் குறைவாகத் தெரிந்தாலும் ஒரு வாரத்தை எதிரெதிர்ப் பக்கங்களில் பரப்பினால் தாராளமாகவே இருக்கிறது.

அந்த எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு நுணுக்கம் உண்டு. வலக்கையால் எழுதுபவருக்கு வலப்பக்கத் தாள் எளிது. வளையம் அவர் கைக்குப் பின்னால் இருக்கிறது. இடப்பக்கத் தாளிலோ வரி முடியும் இடத்தில் வளையம் நிற்பதால் உள்ளங்கை அதில் முட்டும், வரியின் கடைசிச் சொல் கோணலாகும். இதனால் இடப்பக்கத் தாளுக்கு உள் ஓரம் 24 மி.மீ. கொடுத்து, எழுதும் அகலத்தை 116 ஆகக் குறைத்துக்கொண்டேன். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கணக்கை அப்படியே மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால்தான் கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்.

உயரத்தில் மேலும் கீழும் பத்துப் பத்து மி.மீ. விட்டால் 190 கிடைக்கும். கோடுகளுக்கு இடையே 7 மி.மீ. வைத்தால் 27 வரி. திங்கள், செவ்வாய், புதன் மூன்றுக்கும் ஒன்பது ஒன்பது வரிகள் இடப்பக்கம். வியாழன், வெள்ளி, சனிக்கு எட்டு எட்டாகவும் ஞாயிற்றுக்கு மூன்று வரியாகவும் வலப்பக்கம். தமிழில் எழுதுவோர் 6 மி.மீ. கோட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். மேலே விசிறி ஏறும் ‘ணி’, ‘கீ’ போன்றவையும் கீழே சுழி இறங்கும் ‘ஞு’, ‘தூ’ போன்றவையும் அடுத்தடுத்த வரிகளில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

அச்சிடும் எழுத்திலும் இதே தொல்லை உண்டு. வரி உயரத்தை மென்பொருளில் குறிப்பிட்ட அளவாகப் பூட்டிவிட்டால் தமிழ் எழுத்துகளின் மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படக்கூடும். ஆங்கில எழுத்தை வைத்து அமைத்த வார்ப்புருக்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. மாதக் கட்டத்தில் 30 மி.மீ. அகல நிரலுக்குள் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று முழுதாக எழுத முயன்றால் இரண்டாக மடிந்து தலைப்பு வரிசையே உயர்ந்துவிடும், ‘ஞாயிறு’ போதும். ராகு காலத்தைக் கட்டத்தின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டுக்கொள்கிறேன். வெள்ளி 10.30 முதல் 12.00 வரை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் புதுச் சரக்கைக் கட்டவிட மாட்டார்கள் என்பதால், அது எனக்கு நம்பிக்கையைவிட நேர மேலாண்மை சம்பந்தப்பட்ட விஷயம்.

வாரத் தாளில் தேதியை அச்சிடாமல் கையால் எழுதிக்கொள்வது என்று முடிவெடுத்ததுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பெரிய நிம்மதியைத் தந்தது. தேதி இல்லையென்றால் எல்லாத் தாளும் ஒரே தாள்தான்: முன்புறம் வியாழன் முதல் ஞாயிறு வரை, பின்புறம் அடுத்த வாரத்தின் திங்கள் முதல் புதன் வரை. ஐம்பத்திரண்டு வாரத்துக்கு ஐம்பத்து மூன்று ஏ5 தாள். அதாவது இருபத்தேழு ஏ4 தாள். இரண்டு பக்கங்கள் கொண்ட ஒரே கோப்பைத் தயாரித்து, அதையே இருபத்தேழு பிரதி எடுத்தால் ஆண்டு முடிந்தது.

அந்த ஏ4 தாளில் இரண்டு ஏ5 படிவங்களை எப்படி அடுக்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமாகப் பக்கத்தில் பக்கமாக, இரண்டும் நேராக இருக்கும்படி வைப்பார்கள். அப்படி வைத்தால் இடப் பாதியின் துளை ஓரம் ஏ4 தாளின் ஆலையிலேயே வெட்டப்பட்ட விளிம்பில் அமையும். வலப் பாதியின் துளை ஓரமோ நாம் நடுவில் வெட்டுகிற விளிம்பில் போய் அமையும். வெட்டு ஒரு மி.மீ. பிசகினாலும் அந்தத் தாள்களின் துளை மட்டும் பிசகி, ஃபைலில் ஒன்றுவிட்டு ஒன்று முன்னும் பின்னுமாக நீட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு மாற்றாக நான் வலப் பாதியிலுள்ள படிவத்தைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறேன். அப்போது இரண்டு படிவங்களின் துளை ஓரமும் தாளின் இரு வெளி விளிம்புகளில் அமைகின்றன. இரண்டின் 8 மி.மீ. வெளி ஓரங்களும் நடுவில் சந்தித்து 16 மி.மீ. வெற்றுப் பட்டையாகின்றன. வெட்டு அந்தப் பட்டைக்குள் எங்கே விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. ஏ4இன் 297 மி.மீட்டரைப் பாதியாக்கினால் 148 வராது, 148.5தான் வரும், அந்த அரை மி.மீட்டரையும் இந்தப் பட்டை விழுங்கிக்கொள்கிறது.

பின்புறமும் அதே முறைதான்: வலப் பாதியில் நேரான படிவம், இடப் பாதியில் தலைகீழான படிவம். இதில் நான் எதிர்பாராமல் கிடைத்த ஆதாயம் ஒன்று உண்டு. முன்பின் அச்சில் தாளை நெட்டைப் பக்கமாகத் திருப்புவதா, குட்டைப் பக்கமாகத் திருப்புவதா என்பது எல்லாக் கடையிலும் குழப்பம்தான். மேற்சொன்ன அடுக்கில் தாளை 180 பாகை சுழற்றினாலும் அதே தோற்றமே கிடைப்பதால், கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முடிவு ஒன்றாகவே வருகிறது. ஒரு பக்கம் அச்சிட்டு, தாளைக் கையால் திருப்பித் தட்டில் வைப்பவர்களுக்கும், எந்த விளிம்பு முன்னே போக வேண்டும் என்ற கவலை இல்லை. லிப்ரே ஆபிஸ் மென்பொருளின் டிரா (Draw) செயலியில் ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து, படிவம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி, நகலெடுத்து 180 பாகை சுழற்றினால் வேலை முடிந்தது.

தேதி போட்ட மாதத் தாள்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றை அதே மென்பொருளின் ரைட்டர் (Writer) செயலியில் ஏ5 பக்கமாகவே அமைத்து, பக்க அமைப்பில் மிரர்டு என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். வேர்டில் மிரர் மார்ஜின்ஸ் என்று இருக்கும். அதைத் தேர்ந்தவுடன் இடது, வலது என்றிருந்த பெட்டிகள் உள், வெளி என்று மாறிவிடும். உள்ளே 20, வெளியே 8. (இடப்பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக 4 மி.மீ. வேண்டுமென்றால் கட்டத்தின் அகலத்தைத்தான் குறைக்க வேண்டும். ஓரப் பெட்டியில் அதற்கு வழியில்லை.) கட்டர் (Gutter) என்ற பெயரில் இன்னொரு பெட்டி இருக்கும், அதில் போடும் எண் உள் ஓரத்தோடு மேலும் கூடும் என்பதால், 20 என்று ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதைச் சுழியமாக விட்டுவிட வேண்டும்.

மிரர் அமைப்பில் ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் வலப்பக்கம். மாதக் கட்டத்தின் முதல் பாதி இடப்பக்கம் வர வேண்டுமானால் அது இரட்டைப்படைப் பக்கத்தில் தொடங்க வேண்டும். அதனால் முதல் பக்கத்தை ஆண்டு நாள்காட்டிக்குக் கொடுத்துவிட்டு, ஏப்ரலை இரண்டாம் பக்கத்தில் தொடங்குகிறேன். இடையில் எங்காவது ஒற்றைப் பக்கம் ஒன்றைச் செருகினால், அதற்குப் பின்வரும் எல்லாப் பக்கங்களின் ஓரமும் எதிர்ப்புறம் தாவிவிடும். துளை எழுத்தின் மேல் விழும். செருக வேண்டுமென்றால் இரண்டு பக்கமாகவே செருக வேண்டும், ஒன்று வெறுமையாக இருந்தாலும் சரி. இந்தத் தாள்களுக்காக ஏ4 கட்டைக் கடையின் கட்டிங் மெஷினில் முதலிலேயே இரண்டாக வெட்டி வாங்கிக்கொண்டு ஏ5இல் அச்சிடுவது நல்லது. ஏ5 தாளைச் சில இயந்திரங்கள் தானாகத் திருப்பாது. கையால்தான் திருப்பி வைக்க வேண்டும்.

இந்த ஊர்க் கடைகளில் ஓரம் பற்றிப் பேசுவது அவ்வளவு சிரமமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றக் கிளை 2004 முதல் இங்கே இயங்குவதால், ஒத்தக்கடைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்கள் வழக்குக் கட்டுகளோடு பழகியவர்கள். உச்ச நீதிமன்றம் 2020இல் ஏ4 தாளில் இருபுறமும் அச்சிடலாம் என்று அறிவித்தபோது இடமும் வலமும் 4 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ. என்று ஓரம் வகுத்தது. இரு பக்கமும் ஒரே அளவு என்பதால் அங்கே கண்ணாடிப் பிரதிபலிப்புக் கணக்கே தேவைப்படுவதில்லை. எந்தப் பக்கம் தைத்தாலும் எழுத்து தப்பும். ஏ4 தாளில் அந்தத் தாராளம் கட்டுப்படியாகும். ஏ5இல் இரு பக்கமும் 20 விட்டால் எழுத 108 மி.மீ.தான் மிஞ்சும், வாரத் தாளுக்கு அது போதாது.

கடையில் சிக்கல் வருவது வேறோர் இடத்தில். கோப்பைத் திறந்ததும் பழக்கத்தில் கை ‘ஃபிட்’ என்பதை அழுத்திவிடுகிறது.

“அண்ணே, ஃபிட் வேணாம்ணே. ஆக்சுவல் சைஸ்னு போட்டுக் குடுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. பேப்பருக்குள்ள வந்தாச் சரிதான?”

வழக்குக் கட்டுக்கு அது சரி. ரிங் ஃபைலுக்குச் சரியில்லை. அச்சு இயந்திரத்தால் தாளின் விளிம்பு வரை மை வைக்க முடியாது, நான்கைந்து மி.மீ. பட்டை எல்லாப் பக்கமும் விட்டுவிடும். ‘ஃபிட்’ என்பது பக்கம் முழுவதையும் அந்தப் பட்டைக்குள் அடக்கச் சுருக்குகிறது. பக்கத்துக்கு 4 மி.மீ. என்று வைத்தால் 210 என்பது 202 ஆகும். எல்லா அளவும் 96 விழுக்காடாகிவிடும். 7 மி.மீ. கோட்டில் அது கண்ணுக்குத் தெரியாது, 20 மி.மீ. உள் ஓரமோ இடம் பெயர்ந்து, இரண்டு படிவங்களும் தாளின் நடுவை நோக்கி நகர்ந்துவிடும். இதைப் பேசித் தீர்ப்பதைவிட அளந்து காட்டுவது எளிது. கோப்பின் முதல் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்றைச் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு வரைந்து வைத்திருக்கிறேன். முதலில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லி, கடை மேசையிலேயே ஸ்கேலை வைத்துப் பார்ப்பேன். 100 இருந்தால் மீதியைப் போடலாம். 96, 97 என்று இருந்தால் அமைப்பை மாற்ற வேண்டும். சில கணினிகளில் தாள் அளவு லெட்டர் என்று இருக்கும். அது 216க்கு 279 மி.மீ. என்பதால் அதுவும் இதே போன்ற சுருக்கத்தை உண்டாக்கும். அதையும் ஏ4 என்று மாற்றச் சொல்ல வேண்டும்.

கோப்பைப் பி.டி.எஃப். ஆகவே கொண்டுபோக வேண்டும். வேர்டு கோப்பாகக் கொடுத்தால், நாம் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாதபோது வேறோர் எழுத்துரு அந்த இடத்தில் உட்கார்ந்து வரிகளைத் தள்ளிவிடும். ஒரு கட்டம் அடுத்த பக்கத்துக்கு இறங்கினாலே போதும், முன்பின் கணக்கு முழுவதும் கலைந்துவிடும்.

முன்புறக் கோடும் பின்புறக் கோடும் மிகச் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. லேசர் இயந்திரத்தின் சூட்டில் தாளின் ஈரம் போய்ச் சிறிது சுருங்குகிறது. தட்டில் தாள் தளர்வாக இருந்தால் சற்றுச் சாய்ந்தும் போகிறது. ஓரிரு மி.மீ. விலகல் வரும். ஏ4 தாளின் நீளத்திலேயே தர அளவுப்படி 2 மி.மீ. கூடலாம், குறையலாம். அதனால் தாளைச் சுற்றிக் கட்டக் கோடு போடுவதை விட்டுவிட்டேன். கட்டக் கோடு இருந்தால்தான் விலகல் கண்ணில் படும். படுக்கைக் கோடுகள் மட்டும் இருந்தால் படாது. கோடுகளைக் கறுப்பில் போடாமல் வெளிர் சாம்பலில் போட்டால் பின்பக்கத்துக் கோடு முன்னால் நிழலாடுவதும் குறையும்.

துளையிடுவதற்கு உதவியாகப் படிவத்திலேயே ஒரு சிறு குறி சேர்த்திருக்கிறேன். துளை ஓரத்தின் சரிபாதியில், மேலிருந்து 105 மி.மீ. உயரத்தில், விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி 4 மி.மீ. நீளமுள்ள சாம்பல் கோடு அது. விளிம்பை ஒட்டிப் போட்டால் இயந்திரம் அதை அச்சிடாமல் விட்டுவிடும் என்பதால்தான் தள்ளி வைத்திருக்கிறேன். பஞ்சின் நடுவிலுள்ள அம்புக் குறியோடு அந்தக் கோட்டைச் சேர்த்துப் பிடித்தால் துளை நேராக விழும். பஞ்சின் பக்கவாட்டில் இழுத்து நீட்டும் பிளாஸ்டிக் பட்டையில் ஏ5 என்ற குறி இருந்தால் அதில் நிறுத்திக்கொண்டும் செய்யலாம்; ஆனால் நாளானால் அந்தப் பட்டை தளர்ந்து ஆடும், அதை மட்டும் நம்ப முடியாது. இயந்திரம் முப்பது தாள் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஆறேழு தாளுக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. கட்டு தடித்தால் அழுத்தும்போது மேல் தாள் ஒரு பக்கமும் கீழ்த் தாள் ஒரு பக்கமும் நழுவுகின்றன.

தாளைப் பொறுத்தவரை, ஜெராக்ஸ் கடையில் வழக்கமாக ஓடும் 70, 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் பால்பாயின்ட் பேனாவுக்குக் குறையில்லை. கரூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் அரசு ஆலைத் தாள் இங்கே எளிதாகக் கிடைக்கிறது. வாரத் தாளுக்கு அதையே வாங்குகிறேன். ஜெல் பேனா, மை பேனா பிடிப்பவர்கள் 100 ஜி.எஸ்.எம். பக்கம் போவது நல்லது. ஆனால் போவதற்கு முன் வளையத்தின் கொள்ளளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 80 ஜி.எஸ்.எம். தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் உள்ளது. நாளுக்கொரு பக்கம் என்றால் ஆண்டுக்கு 183 தாள்; அழுத்திப் பிடித்தாலே 18 மி.மீ. தாண்டும், எழுதித் தளர்ந்தால் இன்னும் கூடும். வளையம் நிரம்பிவிட்டால் தாள் புரளாது, 20 மி.மீ. உள் ஓரமும் பற்றாமல் போகும். வளையத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், முடிந்த காலாண்டின் தாள்களை எடுத்து டேக் கயிற்றில் கோத்துத் தனியே வைத்துவிடுகிறேன். அதே துளைகள் அதற்கும் பயன்படுகின்றன. வட்ட வளையத்துக்குப் பதில் ‘டி’ வடிவ வளையம் உள்ள ஃபைல் கிடைத்தால் தாள்கள் ஒரே வரிசையில் நிற்கும்.

நாள்தோறும் புரட்டப்படும் மாதத் தாள்களின் துளைதான் முதலில் கிழியும். அவற்றின் துளை ஓரத்தில் மட்டும் செலோ டேப்பை நெடுக்காக ஒட்டி, அதன் பிறகு துளையிட்டால் ஓராண்டு தாங்குகிறது. டேப்பை உள் ஓரத்துக்குள்ளேயே, 15 மி.மீ. எல்லைக்குள் நிறுத்த வேண்டும்; அதைத் தாண்டி ஒட்டினால் பேனா அந்த இடத்தில் எழுதாது.